வாசிக்காத பியானோ

(ராசிங்காபுரத்தில் ஒரு ஞாயிறு மாலை நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சின் நடுவே செய்து காட்டியவை அடைப்புக்குறிக்குள் உள்ளன.)

முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அத்தைமார், அக்காமாரில் பாதிப் பேர் விடிந்தால் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவர்கள். இருட்டோடு ஜீப் வந்து ஹார்ன் அடிக்கும்போது, ‘நேத்து இவன் பேச்சைக் கேட்டு உறக்கம் போச்சே’ என்று யாரும் என்னை வைய வேண்டியதில்லை. ஒன்பதுக்குள் முடித்துவிடுவேன்.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு டிரம்பெட் இசை. இத்தாலிக்காரர் ஒருவர் 1984ல் எழுதியது. ஊதுகிறவர் ஒருவர், பியானோ முன்னால் உட்காருகிறவர் ஒருவர், ஆக மொத்தம் இரண்டே பேர். கால் மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக நடக்கும். அவ்வளவு நேரமும் பியானோக்காரர் கட்டைகளை அமுக்கிக்கொண்டேதான் இருப்பார். ஆனால் அவர் விரலால் ஒரு ஸ்வரம்கூட ஒலிக்காது.

இங்கே ஒரு அக்கா கேட்கிறார், ‘அப்புறம் எதுக்கு அந்த ஆளுக்குக் கூலி?’ என்று. நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்கு முழுக்கப் பதில் சொல்லப் போகிறேன். அதற்கு முதலில் நம் மலைக்குப் போய்விட்டு வர வேண்டும்.

என் தாய்மாமா போடியில் ஒரு பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதினவர். கல்யாணம், காதுகுத்து, கட்சி ஊர்வலம், எழவு என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம், காலில் ரப்பர் செருப்பு. எட்டு வயதிலிருந்து நான் அவருக்கு எடுபிடி. ஊதி ஊதி எச்சில் சேரும்போது குழாயின் அடியில் இருக்கும் சின்னச் சாவியைத் திறந்து உதறுவதும், பித்தளையை விபூதி போட்டுத் துடைப்பதும் என் வேலை. சில நாள் சாயங்காலம் மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்குப் போய்ச் சாதகம் பண்ணுவார். வீட்டில் ஊதினால் பக்கத்து வீட்டு மாடு பால் சுரக்கவில்லை என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

தோப்பில் மேற்கே மலையைப் பார்த்து நின்றுகொண்டு ஒரே ஒரு ஸ்வரத்தை நீளமாக ஊதி நிறுத்துவார். உடனே அடுத்ததை ஊத மாட்டார். நான் பொறுமை இல்லாமல் ‘ஊது மாமா’ என்பேன். அவர் கையைக் காட்டி நிறுத்துவார். ‘பொறு மாப்ள. மலை இன்னும் முடிக்கலை.’ கொஞ்சம் கழித்து அது வரும். அவர் ஊதியதே திரும்பி வரும், ஆனால் கூர் மழுங்கி, ஓரம் தேய்ந்து, யாரோ வேட்டியால் துடைத்துக் கொடுத்த மாதிரி வரும். ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். பாறைச் சரிவு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்த் திரும்ப ஆறு விநாடி ஆகும். இந்தக் கணக்கெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. மாமா ஊதாமல் நிற்கிற அந்த நேரமும் பாட்டோடு சேர்ந்ததுதான் என்று மட்டும் பட்டது.

மலையோரத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. பழைய டிரைவர்கள் ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்துவிட்டுக் காது கொடுப்பார்கள். திரும்பி வருவது தன் ஹார்னா, மேலேயிருந்து இறங்குகிற லாரியின் ஹார்னா என்று பிரித்துக் கேட்கத் தெரியாதவன் வளைவில் கை நடுங்குவான். பன்றி விரட்ட ராத்திரி தகரம் தட்டுகிறவருக்கும், தன் தட்டல் எது, அடுத்த காட்டுக்காரர் தட்டல் எது, மலை தட்டுவது எது என்று தெரியும்.

தமிழில் ‘சிலம்பு’ என்றால் காலில் போடுவது மட்டுமல்ல, மலைக்கும் அது பெயர். ‘சிலம்புதல்’ என்றால் ஒலித்தல், எதிரொலித்தல். மலையையும் அதிலிருந்து எழும் ஒலியையும் ஒரே வேரில் கட்டி வைத்திருக்கிறது மொழி. பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு மலைபடுகடாம். 583 அடி. பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடியது. அந்தப் பேர் எப்படி வந்தது? மலையை ஒரு யானையாக நினைத்துப் பார்க்கிறார் புலவர். யானைக்கு மதம் ஒழுகுகிற மாதிரி மலைக்கு ஓசை ஒழுகுகிறது. அருவி விழுவது, தேன் எடுப்பவர் கூவுவது, தினைப்புனம் காப்பவர் கத்துவது எல்லாம் சேர்ந்து மலையின் கடாம். அதே பாட்டின் தொடக்கத்தில் கூத்தர் தோளில் சுமந்து போகும் வாத்தியங்களின் வரிசை வருகிறது. கோடு என்கிற கொம்பு அதில் இருக்கிறது. தூம்பு என்கிற நீண்ட குழாயும் இருக்கிறது. அந்தத் தூம்பு யானை பெருமூச்சு விடுகிற மாதிரி ஒலிக்குமாம். ஊதுகருவிக்கு யானையின் மூச்சு, மலைக்கு யானையின் மதம். இரண்டையும் ஒரே மிருகத்திடமிருந்து எடுத்திருக்கிறார் மனுஷன். நான் படித்த எந்த இசை விமர்சனமும் இந்த இடத்துக்கு வந்ததில்லை.

கொம்பு என்றதும் நம் திருவிழாக்களில் ஆகாயத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடிக்கிற அந்தப் பித்தளைக் கொம்பு ஞாபகம் வரும். இரண்டு துண்டு. ஒரு விதமாகச் சொருகினால் பிறை, மாற்றிச் சொருகினால் பாம்பு வளைவு. மலையின் அந்தப் பக்கம் இறங்கினால் கேரளத்துப் பஞ்சவாத்தியத்திலும் இதே கொம்புதான். ஏலக்காய்க்கு எல்லைச் சாவடி உண்டு, கொம்புக்கு இல்லை.

கொம்பில் துளை கிடையாது, பொத்தான் கிடையாது. உதட்டை இறுக்கி, காற்றை உள்ளே அதிரவிடுவதுதான் வித்தை. கொஞ்சம் இறுக்கினால் ச. இன்னும் இறுக்கினால் ப. அதற்கு மேல் மேல்ஸ்தாயி ச, அப்புறம் க, அப்புறம் மறுபடி ப. நடுவில் உள்ளவற்றை அந்தக் குழாய் தராது. எந்த நாட்டுக் குழாயானாலும் இந்த வரிசை மாறாது. ஐரோப்பாவிலும் நூற்றாண்டுக் கணக்கில் இதே கதைதான். பீத்தோவன் 1800ல் ஹார்னுக்கும் பியானோவுக்கும் ஒரு சொனாட்டா எழுதி, புன்டோ என்கிற பெரிய ஹார்ன் வித்வானோடு வியன்னாவில் தானே வாசித்தார். அந்த ஹார்னிலும் பொத்தான் இல்லை. விட்டுப்போன ஸ்வரங்களை ஹார்னின் வாய்க்குள்ளே கையை நுழைத்து அடைத்து அடைத்துத்தான் எடுக்க வேண்டும். 1810களில் ஜெர்மனியில் வால்வு கண்டுபிடித்தார்கள். பொத்தானை அமுக்கினால் காற்று ஒரு கூடுதல் குழாய் வழியே சுற்றிப் போகும். குழாய் நீளும், ஸ்வரம் இறங்கும். மூன்று பொத்தானை விதவிதமாகச் சேர்த்து அமுக்கினால் ஏழு நீளம் கிடைக்கும். அதாவது டிரம்பெட் என்பது ஏழு கொம்பை ஒரு கையில் பிடித்திருப்பது.

அதற்குப் பிறகு பித்தளைக்கும் பியானோவுக்கும் நிறையவே எழுதினார்கள். ருமேனியாவின் எனெஸ்கு 1906ல் பாரிஸ் இசைக் கல்லூரிப் போட்டிக்கு ஒரு துண்டு எழுதினார். டிரம்பெட் மாணவர்கள் இன்றைக்கும் அதைச் சாதகம் பண்ணுகிறார்கள். எனக்கு நெருக்கமானது ஹிண்டமித் 1939ல் எழுதிய சொனாட்டா. நாஜிகள் ஆண்ட ஜெர்மனியை விட்டு வெளியேறி அவர் சுவிட்சர்லாந்தில் இருந்த நேரம், யுத்தம் தொடங்கி சில மாதம்தான். அதன் மூன்றாம் பகுதி துக்க இசை. மரணம் யாரையும் விடாது என்று சொல்லும் ஒரு பழைய ஜெர்மானிய தேவாலயப் பாட்டின் மெட்டில் போய் முடிகிறது. முதன்முறை அதைக் கேட்டபோது எனக்கு ஜெர்மனி தோன்றவில்லை. சுடுகாட்டுப் பாதையில் மாமா ஊதியபடி போனதுதான் தோன்றியது. பேண்டு செட்டுக்காரனுக்குத் துக்கம் தொழில். ஆனால் ஊதுகிற நேரத்தில் அது தொழிலாக மட்டும் இருக்காது.

இந்தச் சொனாட்டாக்களில் எல்லாம் ஒரு பொருத்தமின்மை உண்டு. பியானோ ஸ்வரம் பிறந்த கணத்திலிருந்து செத்துக்கொண்டே போகும். சுத்தியல் தந்தியில் பட்டதோடு சரி, அதற்குப் பிறகு வாசிப்பவரால் அதைப் பெருக்க முடியாது. டிரம்பெட் அப்படியில்லை. நூலாகத் தொடங்கி, மூச்சு இருக்கிற மட்டும் வளர்த்துக்கொண்டே போகலாம். சத்தம் போட்டால் பியானோவை மூழ்கடித்துவிடும். கல்யாணத்தில் மாப்பிள்ளை உயரமும் பெண் உயரமும் ஒத்துவராவிட்டால் போட்டோக்காரர் ஒருவரை உட்கார வைத்துச் சமாளிப்பாரே, அப்படித்தான் இசையமைப்பாளர்களும் சமாளித்து வந்தார்கள். பியானோ சொல்லும், டிரம்பெட் பதில் சொல்லும். டிரம்பெட் பேசினால் பியானோ கீழே தாளம் போடும்.

அந்தச் சமாளிப்பு வேண்டாம் என்று ஒதுக்கியவர்தான் நான் சொன்ன இத்தாலியர். பேர் லூச்சியானோ பெரியோ. நாம் ‘பெரியோரே’ என்று கூப்பிடுவதற்கு ஒரு எழுத்துதான் குறைவு, மனதில் நிற்கும். 1925ல் ஒனேலியா என்கிற ஊரில் பிறந்தார். முன்னால் கடல், முதுகில் மலை. அப்பாவும் தாத்தாவும் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர்கள். பையனும் பியானோ வித்வான் ஆவான் என்றுதான் வீட்டில் நினைத்திருப்பார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் காலத்தில் முசோலினியின் பட்டாளத்துக்குக் கட்டாயமாகப் பிடித்துப் போனார்கள். துப்பாக்கியைப் பழகும்போது அது வெடித்து வலது கையில் காயம் பட்டது. கை பிழைத்தது, பியானோ பிழைக்கவில்லை. மேடைக் கலைஞனாகிற வழி அதோடு அடைந்தது, இசை எழுதப் போனார்.

நாற்பது வருஷம் கழித்து அவர் எழுதிய இசையில் பியானோக்காரர் கட்டைகளைச் சத்தம் இல்லாமல் அமுக்குகிறார். இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. நினைக்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பெரியோ ‘செக்வென்சா’ என்ற பேரில் 14 துண்டு எழுதினார். வரிசை என்று வைத்துக்கொள்ளலாம், நம் சரளி வரிசையோடு குழப்பிக்கொள்ளாமல். முதலாவது 1958ல் புல்லாங்குழலுக்கு, கடைசி 2002ல் செல்லோவுக்கு. ஒவ்வொன்றும் ஒரு கருவியின் எல்லை வரை போய்ப் பார்ப்பது. ஐந்தாவது டிராம்போனுக்கு. அதை குரோக் என்ற ஒரு கோமாளியின் நினைவாக எழுதினார். உலகப் புகழ் பெற்ற அந்தக் கோமாளி ஒனேலியாவில் மலை மேல் ஒரு விசித்திரமான பங்களாவில் குடியிருந்தவர். சின்னப் பையன் பெரியோ கூட்டாளிகளோடு கேட்டைத் தாண்டிக் குதித்து அவர் தோட்டத்து ஆரஞ்சைத் திருடித் தின்றிருக்கிறான். நம்மூர் மாந்தோப்புக்காரர்கள் முறைக்காதீர்கள், நான் அந்த ஊரைச் சொல்கிறேன். குரோக் மேடையில் திடீரென்று நின்று ‘ஏன்?’ என்று கேட்பாராம். சிரிப்பதா அழுவதா என்று பையனுக்குத் தெரியவில்லை. அந்த ‘ஏன்’ அப்படியே டிராம்போன் துண்டுக்குள் வந்துவிட்டது. ஊதுகிறவர் கருவியைக் கீழே இறக்கிவிட்டு அந்தச் சொல்லைச் சொல்வார்.

பத்தாவது செக்வென்சாதான் நம் டிரம்பெட். லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக் கேட்டு எழுதியது, அதன் முதல் டிரம்பெட் கலைஞர் தாமஸ் ஸ்டீவன்ஸுக்காக. தலைப்பிலேயே ‘டிரம்பெட்டுக்கும் பியானோவுக்கும்’ என்று போடவில்லை. டிரம்பெட்டுக்கும் பியானோவின் அதிர்வுக்கும் என்று போட்டிருக்கிறார்.

அதென்ன அதிர்வு? இதைச் சொல்லிப் புரிய வைப்பதைவிடக் காட்டிவிடுகிறேன். தம்பி, அந்த கிதாரைக் கொடு. மைக்கை அணைத்துவிடுங்கள்.

(கிதாரை மேசையில் படுக்க வைத்து, மூன்றாம் தந்தியை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் ஒரு துண்டால் மூடுகிறார். சிறு காகிதத் துணுக்கை மடித்து அந்தத் தந்தியின் நடுவில் குதிரை ஏற்றுவதுபோல் வைக்கிறார். ஒரு முழம் தள்ளி நின்று டிரம்பெட்டில் தாழ்ந்த ஸ்வரம் ஒன்றை ஊதுகிறார். காகிதம் துள்ளி விழுகிறது.)

கடைசி வரிசையில் சத்தம் கேட்கிறது, ‘காத்துல விழுந்திருக்கும்’ என்று. சந்தேகம் நியாயம்தான். இப்போது பக்கத்து ஸ்வரம் ஒன்றை இதே பலத்தில் ஊதுகிறேன்.

(ஊதுகிறார். காகிதம் அசையவில்லை.)

காற்று அதே காற்றுதான். தந்தி தன் ஸ்வரத்தைக் கேட்டால்தான் எழுந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் சுரமானி வைத்து வாத்தியார் காட்டியது இதுதான். புத்தகத்தில் ஒத்ததிர்வு என்று இருக்கும். இன்னும் ஒன்று பாருங்கள். அதே ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே ஊதுகிறேன்.

(ஊதுகிறார். காகிதம் இடத்தைவிட்டு விழவில்லை. அருகில் குனிந்து நிற்கும் சிறுவன், ‘ஆனா சத்தம் கேக்குது’ என்கிறான்.)

கேட்கிறது பார். காகிதம் அசையவில்லை, தந்தி மட்டும் பாடுகிறது. தந்தி இப்போது இரண்டு பாதியாகப் பிரிந்து ஆடுகிறது, நடு இடம் மட்டும் சும்மா நிற்கிறது. காகிதத்தைக் கால் பங்கு இடத்துக்கு நகர்த்தி வைத்தால் விழும். ஒரே தந்திக்குள் இத்தனை தந்தி ஒளிந்திருக்கிறது. மைக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது இந்த ஒரு கிதார் தந்தி இருந்த இடத்தில் ஒரு பெரிய பியானோவை வையுங்கள். 88 கட்டை, ஏறக்குறைய 230 தந்தி. தந்திகள் எல்லாம் சேர்ந்து சட்டத்தை இழுக்கிற இழுப்பு இருபது டன்னுக்குக் கிட்ட வரும், நல்ல லாரி லோடு. சாதாரணமாக அநேகமாய் ஒவ்வொரு தந்தி மேலேயும் ஒரு கம்பளித் துண்டு உட்கார்ந்து அதை ஊமையாக வைத்திருக்கும். கட்டையை அடித்தால் இரண்டு காரியம் நடக்கும்: கம்பளி மேலே தூக்கும், சுத்தியல் தந்தியை அடிக்கும். கட்டையை மெதுவாக, மிக மெதுவாக, பச்சைப் பிள்ளை தொட்டிலிலிருந்து கையை உருவுகிற மாதிரி அமுக்கினால் கம்பளி மட்டும் தூக்கும், சுத்தியல் எட்டாது. தந்தி வாய் திறந்தபடி காத்திருக்கும். அப்போது பக்கத்தில் டிரம்பெட்டில் அந்தத் தந்தியின் ஸ்வரத்தை ஊதினால் தந்தி தானாகப் பேசும்.

இதுதான் பெரியோ செய்தது. பியானோ மூடி திறந்திருக்கும். டிரம்பெட்காரர் சில இடத்தில் சபையைப் பார்த்து ஊதுவார், சில இடத்தில் குழாயின் வாயைப் பியானோவின் வயிற்றுக்கு நேராகத் திருப்பி ஊதுவார். ஊதி நிறுத்தினதும் உள்ளே ஒரு மேகம் தொங்கும். அது மெல்லியது என்பதால் ஒலிபெருக்கி வைத்துக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

டிரம்பெட்டின் பங்கு லேசுப்பட்டதில்லை. நாக்கை உருட்டி ‘ர்ர்ர்’ என்று ஊத வேண்டும். ஒரே ஸ்வரத்தைத் துப்பாக்கி மாதிரி வேகமாகத் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டும். பாதாளத்திலிருந்து உச்சிக்கு ஒரே தாவலில் போக வேண்டும். எனக்கு மிகப் பிடித்த ஒரு வித்தை இருக்கிறது. ஒரே ஸ்வரத்தை இரண்டு விதமான பொத்தான் சேர்க்கையில் மாற்றி மாற்றி எடுப்பது. உயரம் மாறாது, நிறம் மாறும். வீணையில் ஒரே ஸ்வரத்தைச் சாரணித் தந்தியிலும் பஞ்சமத் தந்தியிலும் மாற்றி மீட்டினால் தெரியுமே, அந்த வித்தியாசம். வெயிலில் வாழை இலை திரும்பித் திரும்பிக் காட்டுகிற பச்சை மாதிரி இருக்கும். வாயில் மூடி மாட்டிச் சத்தத்தை மாற்றுகிற சாமான் எதுவும் கிடையாது. வெறும் பித்தளை, வெறும் மூச்சு. ஒளிந்துகொள்ள இடமில்லாத இசை.

நம் ஊரில் ‘ஒத்து ஊதுறான்’ என்று ஒரு வசை உண்டு. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்துக்காரர் ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். அதிலிருந்து வந்தது, எதற்கும் ஆமாம் போடுகிறவன் என்று. ஒத்துக்காரருக்கு இழைத்த பெரிய அநியாயம் இந்த வசை, அவர் இல்லாவிட்டால் நாதஸ்வரம் எங்கே நிற்கும்? பெரியோவுக்கு இது தெரிந்திருக்காது, ஆனாலும் ஏழாவது செக்வென்சாவில் ஓபோவுக்கு மறைவிடத்திலிருந்து ஒரே ஸ்வரத்தை முதலிலிருந்து முடிவு வரை ஒலிக்க வைத்திருக்கிறார். ஓபோவும் நாதஸ்வரமும் சீவாளியால் உறவுக்காரர்கள். சீவாளி உள்ளவனுக்கு ஒத்து வேண்டும் என்று அவர் காதே சொல்லியிருக்கிறது.

பத்தாவதில் பியானோ ஒத்துதானா? மலைதானா? முதல் நாள் நான் மலை என்றுதான் நினைத்தேன். மாமாவின் தோப்பு, மாமாவின் மலை. பல தடவை கேட்ட பிறகுதான் தப்பு தெரிந்தது. மலை பாரபட்சம் பார்க்காது. நீங்கள் தெய்வீகமாக ஊதினாலும் திருப்பித் தரும், ஏச்சுப் போட்டாலும் திருப்பித் தரும். இந்தப் பியானோ அப்படி இல்லை. எந்தக் கட்டை அமுங்கியிருக்கிறதோ அந்தத் தந்திக்குத்தான் வாய் திறந்திருக்கிறது. டிரம்பெட் ஒரே கூச்சலை இரண்டு தடவை போட்டாலும், கீழே அமுங்கியிருக்கும் கட்டைகள் மாறியிருந்தால் திரும்பி வருவது வேறாக இருக்கும். பாட்டை எழுதியவர்கள் ஆயிரம் பேர் உண்டு. இவர் எதிரொலியை உட்கார்ந்து எழுதியிருக்கிறார், எந்த வினாடியில் மலைக்கு எந்தக் காது இருக்க வேண்டும் என்று. பியானோவில் உச்சியில் இருக்கும் சின்னத் தந்திகளுக்கு மட்டும் கம்பளி கிடையாது. அவை எப்போதும் விழித்தே இருக்கும். அதனால் எல்லாக் கட்டையையும் விட்டுவிட்டாலும் மேலே ஒரு மினுக்கம் பாக்கி இருக்கும்.

1996ல் இதே இசையை எடுத்து, டிரம்பெட்டைச் சுற்றி ஒரு சின்ன ஆர்கெஸ்ட்ராவை வைத்து விரித்து ‘கோல்-ஓட்’ என்று இன்னொன்று செய்தார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த மௌனப் பியானோ இருந்த இடத்தில் இத்தனை பேர் வந்து உட்கார்ந்தது பிடிக்கவில்லை. சின்ன வீட்டை இடித்து மண்டபம் கட்டினது போல.

நான் ஒரு தடவை அந்தப் பத்தாவது செக்வென்சாவை ஊதிப் பார்த்தேன், முழுசும் இல்லை, ஒரு மூன்று நிமிஷம். ஊரும் இடமும் பேர் வேண்டாம். ஒரு பழைய மண்டபத்தில் பெரிய பியானோ ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. என்னோடு படித்த ஒரு டீச்சரம்மா கட்டை அமுக்க ஒத்துக்கொண்டார். மூடியைத் தூக்கினால் உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. கம்பளியைக் கடித்து மெத்தை போட்டிருந்தது. கூட்டை எடுத்துப் போட்டுவிட்டு ஊதினோம். எங்கே ஊதினாலும் ஒரு தந்தி மட்டும் கூப்பிடாமலே வந்து நின்றது. கம்பளி இல்லாத தந்தி அது. அமுக்கின கட்டைகள் ஒரு பதில் சொன்னால், எலி வேறு ஒரு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எனக்கு அன்றைக்கு எரிச்சல்தான். பிறகு யோசித்தபோது, அந்தக் கருவி எதைக் கேட்கிறது என்பதில் எத்தனை கவனம் வேண்டும் என்று எலிதான் எனக்குக் காட்டியது.

ராசிங்காபுரத்தில் இசையைப் பற்றிப் பேசிவிட்டுப் பண்ணைப்புரத்தைச் சொல்லாமல் போனால் திரும்பிப் போக ஜீப் கிடைக்காது. இதே ரோட்டில் தெற்கே போனால் தேவாரம், அதைத் தாண்டினால் அந்த ஊர். அங்கிருந்து சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த இளையராஜா 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். இதே மலையைப் பார்த்து வளர்ந்தவர். அதற்காக, பெரியோ நம் கொம்பிலிருந்து எடுத்துவிட்டார், எல்லாம் இங்கிருந்து போனதுதான் என்று நாளைக்கு டீக்கடையில் யாரும் கிளப்ப வேண்டாம். அவர் எடுக்கவில்லை. எடுத்த இடத்தில் எடுத்ததாகச் சொல்கிற ஆள் அவர். கடைசிச் செக்வென்சாவை இலங்கைக் குடும்பத்துச் செல்லோ கலைஞர் ரோஹான் டி சேரத்துக்காக எழுதினார். டி சேரம் கண்டிய மேளமும் அடித்தவர். அந்த மேளத்தின் தாளத்தைக் கேட்டு வாங்கி, செல்லோவின் உடம்பைக் கையால் தட்ட வைத்து அதற்குள் போட்டார். நம் பக்கத்துத் தீவின் மேளம் அப்படித்தான் வெளிப்படையாக உள்ளே போனது.

மணி எட்டு ஐம்பது. அந்த அக்காவின் கேள்வி பாக்கி நிற்கிறது. கூலி எதற்கு?

டீச்சரம்மாவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன். பத்து விரலும் பத்து இடத்தில் இருக்க, ஒன்றைக்கூடச் சத்தம் வராமல் இறக்க வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் சுத்தியல் பட்டு ‘டங்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த அமைப்புக்குப் போகும்போது பழைய கட்டையை எப்போது விடுவது என்று டிரம்பெட்காரன் மூச்சைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். விட்டால் கம்பளி இறங்கும், அந்த ஒலி அங்கேயே சாகும். மூன்று நிமிஷத்தில் அவர் ரவிக்கை முதுகெல்லாம் நனைந்துவிட்டது. நான் கடைசி ஸ்வரத்தை ஊதி நிறுத்திவிட்டு, வேலை முடிந்தது என்று கருவியை இறக்கினேன். அவர் கையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பத்து விரலையும் அப்படியே வைத்திருந்தார். நான் என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன். தலையை மட்டும் ஆட்டி, பேசாதே என்றார். உள்ளே இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அது இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடம் வந்தபோது அவர் விரலைத் தூக்கினார், பத்துக் கம்பளித் துண்டும் தந்தி மேல் உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது.

பாயைச் சுருட்டிக்கொள்ளுங்கள். கிதார் தம்பி, அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே, உன் அக்கா வந்து ஒரு தடவை பார்க்கணும் என்கிறாள்.